கல்லும் சாவியும் – 12: லைப்ஸிக்கில் ஒரு பிற்பகல்

1519 ஜூன் 24. விட்டன்பர்கிலிருந்து வந்த இரண்டு வண்டிகள் லைப்ஸிக் நகருக்குள் நுழைந்தன. முன்வண்டியில் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் கார்ல்ஷ்டாட். அவரைச் சுற்றிலும் புத்தக மூட்டைகள். பின்வண்டியில் மார்ட்டின் லூதர், பக்கத்தில் 22 வயது கிரேக்கப் பேராசிரியர் மெலங்க்தன். வண்டிகளுக்கு இருபுறமும் ஈட்டியும் போர்க்கோடரியும் தாங்கிய விட்டன்பர்க் மாணவர்கள், ஏறக்குறைய 200 பேர். வந்தது இறையியல் வாதத்துக்கு. வந்த தோரணையோ படையெடுப்பு மாதிரி இருந்தது.

தூய பவுல் கோவில் அருகே முன்வண்டியின் சக்கரம் முறிந்தது. கார்ல்ஷ்டாட் சேற்றில் விழுந்தார். லூதரின் வண்டி அவரைத் தாண்டி முன்னால் போனது. சகுனம் பார்ப்பதில் அந்த ஊர்க்காரர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஜெயிக்கப்போகிறவர் இவர், தோற்கப்போகிறவர் அவர் என்று வேடிக்கை பார்த்த கூட்டம் அங்கேயே தீர்ப்பெழுதிவிட்டதாக, உடனிருந்து பார்த்த செபாஸ்டியன் ஃப்ரோஷெல் பின்னாளில் எழுதிவைத்தார்.

சென்ற அத்தியாயம் வரை சண்டை பாவமன்னிப்புச் சீட்டைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது. 1517 அக்டோபரில் 95 கூற்றுகள்; 1518 அக்டோபரில் ஆக்ஸ்பர்கில் கர்தினால் கயத்தானுடன் சந்திப்பு; அங்கே சமாதானம் கூடிவராமல், அதே ஆண்டு நவம்பரில் போப்பாண்டவரின் தீர்ப்பை விட்டுப் பொதுச்சங்கத்திடம் லூதர் செய்த மேல்முறையீடு. இத்தனைக்கும் பிறகும் லூதர் தன்னை ரோமையின் பிள்ளையாகவே எண்ணிக்கொண்டிருந்தார். கெட்ட ஆலோசகர்கள் நல்ல போப்பைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்பதே அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குலைத்தவர் ரோமாபுரிக்காரர் எவரும் இல்லை. இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், ஒரு ஜெர்மானியர், லூதரைவிட மூன்று வயது இளையவர்: யோஹான் எக்.

எக் சாதாரண ஆள் இல்லை. கடனுக்கு 5 சதவீத வட்டி வாங்குவது பாவமாகாது என்று 1515இல் பொலோனியாவுக்கே போய் வாதாடிவிட்டு வந்தவர். அந்த வாதத்துக்கு ஃபுக்கர் என்ற பெரும் வட்டிக்கடைக் குடும்பத்தின் ஆதரவு இருந்தது. நினைவாற்றலில் அவரை மிஞ்ச ஆளில்லை. திருச்சபைத் தந்தையரின் நூல்களை வரி வரியாக ஒப்பிப்பார். 1518இல் லூதரின் கூற்றுகளுக்கு அவர் எழுதிய மறுப்பு கைக்குக் கை மாறி விட்டன்பர்க் வந்து சேர, கார்ல்ஷ்டாட் பதிலடி கொடுக்க, நேருக்கு நேர் வாதிடுவது என்று முடிவாயிற்று. ஆக, ஏற்பாட்டின்படி இது எக்குக்கும் கார்ல்ஷ்டாட்டுக்கும் இடையிலான வாதம். ஆனால் எக் வெளியிட்ட வாதப்பொருள் பட்டியலின் கடைசிக் கூற்று கார்ல்ஷ்டாட்டைக் குறிவைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் போப் சில்வெஸ்டர் காலத்துக்கு முன் ரோமைத் திருச்சபை மற்றச் சபைகளுக்கு மேலானதாக இருக்கவில்லை என்போரை நாங்கள் மறுக்கிறோம் என்றது அது. தூண்டில் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

லூதர் கடித்தார். ரோமைச் சபை எல்லாச் சபைகளுக்கும் தலை என்பதற்குக் கடந்த 400 ஆண்டுகளில் போப்புகள் தாங்களே பிறப்பித்துக்கொண்ட உப்புச்சப்பற்ற ஆணைகளைத் தவிர ஆதாரம் கிடையாது. அதற்கு எதிராக 1100 ஆண்டு வரலாறும், வேதாகமமும், நிசேயா சங்கத்தின் தீர்மானமும் நிற்கின்றன என்று பதில் கூற்று எழுதினார். நண்பர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. லூதரோ கிறிஸ்தவச் சட்டநூல்களைக் கிளறத் தொடங்கினார். படிக்கப் படிக்க அவருக்கே பயம் பிடித்தது. மார்ச் 13ஆம் தேதி, சாக்சனி அரசவையில் இருந்த தம் நண்பர் ஸ்பலத்தீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். போப் அந்திக்கிறிஸ்துவா, இல்லை அவனுடைய அப்போஸ்தலனா, எனக்கே தெரியவில்லை என்று அதில் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. நண்பரின் காதோடு சொல்வதாகத்தான் எழுதினார்.

இப்படிப்பட்டவரை ரோமை ஏன் அப்போதே பிடித்துக்கொண்டு போகவில்லை? பதில் அரசியலில் இருக்கிறது. 1519 ஜனவரி 12இல் பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்தார். அடுத்த பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர், லூதரின் நாட்டுக்குத் தலைவரான பிரெட்ரிக். அவரைப் பகைத்துக்கொள்ளப் போப் பத்தாம் லியோவுக்கு மனமில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் நீண்ட அந்த இடைவெளியின் கடைசியில்தான் லைப்ஸிக் வாதம் தொடங்கியது. அது தொடங்கிய மறுநாள், ஜூன் 28இல், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லைப்ஸிக் இருந்தது சாக்சனியின் இன்னொரு பாதியில். அதை ஆண்டவர் பிரெட்ரிக்கின் உறவினரான ஜார்ஜ் கோமகன். வாதத்துக்கு இடம் தர லைப்ஸிக் இறையியல் பேராசிரியர்கள் தயங்கினார்கள். மெர்சபர்க் ஆயர் தடை உத்தரவே போட்டார். கோமகன் இரண்டையும் ஒதுக்கித் தள்ளினார். வாதாடப் பயப்படுகிற இறையியலாளருக்குச் சோறு போட்டு என்ன பயன் என்கிற ரகம் அவர். பல்கலைக்கழகத்தில் போதிய இடம் இல்லாததால் தம் பிளைசன்பர்க் கோட்டையின் கூடத்தையே திறந்துவிட்டார்.

ஜூன் 27 விடிகாலை தூய தோமையார் கோவிலில் திருப்பலி. பன்னிரண்டு குரல்களுக்கென்று பாடகர் குழுத் தலைவர் கியோர்க் ராவ் புதிதாக அமைத்த இசை. அங்கிருந்து கோட்டைக்கு ஊர்வலம். கூடத்தில் இரண்டு மேடைகள் எதிரெதிராக. எக் நிற்கும் மேடைத் துணியில் பறவைநாகத்தைக் கொல்லும் தூய ஜார்ஜ். விட்டன்பர்க்காரர் மேடைத் துணியில், தம் மேலாடையைக் கிழித்துப் பிச்சைக்காரனுக்குத் தந்த தூய மார்ட்டின். கிரேக்கப் பேராசிரியர் மோசெல்லானுஸ், இறையியலில் எப்படிப் பண்போடு வாதிட வேண்டும் என்று லத்தீனில் நீண்ட உரை நிகழ்த்தினார். பிறகு தூய ஆவியை அழைக்கும் பாடலுக்குக் கூடம் முழுவதும் முழந்தாளிட்டது.

இந்த மோசெல்லானுஸ் விட்டுச்சென்ற ஒரு கடிதத்தால்தான் அந்தக் கூடம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. லூதர் நடுத்தர உயரம், படிப்பும் கவலையும் தின்று, தோலுக்கு மேலேயே எலும்பை எண்ணிவிடலாம் போன்ற உடம்பு, தெளிவான குரல், பேச்சில் இனிமை, ஆனால் கண்டிக்கும்போது கடுமை கொஞ்சம் கூடிவிடும். எக் நெட்டையான, கட்டுமஸ்தான ஆள். நெஞ்சிலிருந்து கிளம்பும் குரல் தண்டோராக்காரனுக்கு ஏற்றது. முகத்தைப் பார்த்தால் இறையியலாளர் என்று சொல்ல மாட்டீர்கள், கசாப்புக்கடைக்காரர் என்றோ போர்வீரர் என்றோ நினைப்பீர்கள். வாதம் சூடேறும் நேரத்தில் லூதர் கையிலிருந்த பூங்கொத்தை முகர்ந்து பார்த்தபடி நின்றார் என்பதையும் பார்த்தவர்கள் குறித்திருக்கிறார்கள்.

முதல் வாரம் எக்கும் கார்ல்ஷ்டாட்டும் மனிதனின் சுயாதீனச் சித்தம் பற்றி வாதிட்டார்கள். கார்ல்ஷ்டாட் ஒவ்வொரு மேற்கோளுக்கும் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி, வாசித்தார். எக் மனப்பாடமாகப் பொழிந்தார். புத்தகம் பார்த்து வாசிப்பது வாதமே இல்லை என்று எக் ஆட்சேபம் எழுப்ப, கூடத்துக்குப் புத்தகம் வரக்கூடாது என்று முடிவாகி, கார்ல்ஷ்டாட் நிராயுதபாணியானார். லைப்ஸிக் இறையியலாளர்கள் பலர் இருந்த இடத்திலேயே தூங்கினார்கள். சாப்பாட்டு வேளைக்கு அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்கிறார் ஃப்ரோஷெல்.

நடுவில் ஜூன் 29, தூய பேதுரு, பவுல் திருவிழா. அன்றைய நற்செய்தி வாசகம் மத்தேயு 16ஆம் அதிகாரம். லூதர் பிரசங்கிக்க ஒப்புக்கொண்டார். கூட்டம் கோட்டைச் சிற்றாலயத்தில் அடங்காமல், வாதக் கூடத்துக்கே பிரசங்கம் இடம் மாறியது. இத்தொடரின் தலைப்பே அந்த அதிகாரத்திலிருந்துதான் வந்தது. என்னை யார் என்கிறீர்கள் என்று இயேசு கேட்கிறார். சீமோன் பேதுரு நீரே கிறிஸ்து என்கிறார். உடனே இயேசு அவருக்குப் பாறை என்று பேர் கொடுத்து, அதன்மேல் தம் சபையைக் கட்டுவதாகவும் விண்ணரசின் சாவிகளைத் தருவதாகவும் சொல்கிறார். பேதுரு என்ற பேரே கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும். இயேசு பேசிய அரமேயத்தில் அது கேபா. அந்தக் கல் யார்? பேதுருவா, பேதுரு வெளியிட்ட விசுவாசமா, கிறிஸ்துவே தானா? சாவி கொடுக்கப்பட்டது ஒருவருக்கா, எல்லாருக்குமா? ரோமை ஆயரின் அரியணை நிற்பது இந்த இரண்டு கேள்விகளின் மேல்.

ஜூலை 4, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. எக்கும் லூதரும் நேருக்கு நேர்.

எக்கின் வாதம் எளிமையானது, ஒழுங்கானது. விண்ணிலே தூதர்கள் அடுக்கடுக்காக ஒரே தலைமையின் கீழ் இருப்பது போல மண்ணிலே போராடும் திருச்சபையும் ஒரு தலையின் கீழ் இருக்க வேண்டும்; தலை இல்லாத உடல் பிணம் அல்லவா? அந்தத் தலை கிறிஸ்துவே ஏற்படுத்திய பேதுரு. அவருக்குப் பின் அவர் இருக்கையில் அமர்பவர். சிப்ரியான், எரோணிமுஸ், பெர்நார்து என்று சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். பேதுருவுக்கு அடுத்து வந்த தொடக்ககாலப் போப்புகளின் பேரில் வழங்கிய கடிதங்களையும் காட்டினார். அந்தக் கடிதங்களை நம்ப முடியாது என்றார் லூதர். அவை ஒன்பதாம் நூற்றாண்டில் இட்டுக்கட்டப்பட்டவை என்பதை இன்று கத்தோலிக்க அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

லூதரின் பதில்: தலை உண்டு, அது கிறிஸ்து. பாறையைப் பற்றி எங்கள் துறவற சபை பேர் தாங்கும் அகுஸ்தீனார் என்ன சொல்கிறார்? ஒரு காலத்தில் பேதுரு என்றார், பிறகு கிறிஸ்து என்றார், முதுமையில் இரண்டையும் எடுத்துவைத்துப் படிப்பவர் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். போப்பாண்டவர் வேண்டாம் என்று லூதர் லைப்ஸிக்கில் சொல்லவில்லை. அவருடைய அதிகாரம் மனித ஏற்பாடு. அரசர்களுக்குக் கீழ்ப்படிவது போல அதற்கும் கீழ்ப்படியலாம். ஆனால் அதை நம்பாவிட்டால் மோட்சம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது தேவ நியமம் ஆகாது. இவ்வளவே. கோமகன் ஜார்ஜுக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் பொறுமை இல்லை. தேவ நியமமோ மனித ஏற்பாடோ, எப்படியும் போப் போப்தானே என்று விருந்து மேசையில் இருவரிடமும் சொல்லிவிட்டார்.

பிறகு லூதர் கையிலெடுத்தது கிரேக்கரை. கீழைத் திருச்சபையின் நசியான் கிரகோரியார், பெரிய பசிலியார் போன்ற புனிதர்கள் ரோமையின் கீழ் இருந்ததே இல்லை. ரோமையின் தலைமையை ஏற்பது மீட்புக்கு அவசியம் என்றால் அவர்கள் நரகத்திலா இருக்கிறார்கள்? 1400 ஆண்டுகளாக எண்ணற்ற இரத்தசாட்சிகளைத் தந்த அந்தச் சபை சபையே இல்லையா? எக் அசரவில்லை. கிரேக்கர்கள் வெகுகாலமாகப் பிரிவினைக்காரர்கள், விசுவாசத்தை விட்டுப் போனவர்கள் என்றார். அந்தப் பதில், பசிலியாரைப் பற்றிய கேள்வியைத் தொடாமலே போயிற்று.

ஜூலை 5 காலை எக் தம் கடைசித் துருப்பை இறக்கினார். ரோமைச் சபையின் மேன்மையை நம்புவது மீட்புக்கு அவசியமில்லை என்ற இதே கூற்றுதான் ஜான் விக்ளிஃபின் கூற்று, யான் ஹுஸ்ஸின் கூற்று, கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் கண்டித்த கூற்று. டாக்டர் லூதர் பொஹிமியர்களுக்குப் பரிந்து பேசுகிறாரா?

லைப்ஸிக்கில் இதைவிடக் கொடிய சொல் கிடையாது. பொஹிமியத் தலைநகர் ப்ராக் பல்கலைக்கழகத்தில் செக்கர்களுக்கு மூன்று வாக்கு, மற்ற மூன்று இனத்தாருக்கும் சேர்த்து ஒரு வாக்கு என்று 1409இல் அரசாணை வந்தது. கோபித்துக்கொண்டு வெளியேறிய ஜெர்மானியப் பேராசிரியர்களும் மாணவர்களும் அதே ஆண்டில் நிறுவியதுதான் லைப்ஸிக் பல்கலைக்கழகம். அவர்கள் விட்டுவந்த ப்ராக் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வந்தவர் யான் ஹுஸ். 1415 ஜூலை 6இல் ஹுஸ் கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்ட பிறகு அவருடைய ஆட்கள் ஆயுதம் எடுத்தார்கள். சாக்சனி கிராமங்கள் தீக்கிரையான கதையைப் பாட்டிமார் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோமகன் ஜார்ஜுக்கோ இது குடும்ப விஷயம். அவருடைய தாயின் தந்தை ஜார்ஜ் போடெப்ராட், போப் இரண்டாம் பவுலால் சபைநீக்கம் செய்யப்பட்ட ஹுஸ்ஸிய அரசர். பேரனுக்குத் தாத்தாவின் பேர். தாத்தாவின் பாவத்தைத் துடைப்பதே பேரனின் பக்தியாக இருந்தது.

லூதர் உடனே மறுத்தார். ஐக்கியத்தை உடைத்த பொஹிமியர்களை நான் ஆதரித்ததே இல்லை என்றார். மனசாட்சியோடுதான் சொன்னார், மாணவனாக இருந்த காலத்தில் ஹுஸ் என்ற பேரைக் கேட்டாலே ஒதுங்கியவர் அவர். அத்தோடு மதிய இடைவேளை. அந்த நேரத்தில் லூதர் கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் ஏடுகளை எடுத்துப் படித்தார் என்று சொல்வார்கள். கண்டிக்கப்பட்ட ஹுஸ்ஸின் கூற்றுகள் அவற்றில் வரிசையாக இருந்தன. திருச்சபை ஒன்றே, அது மீட்புக்கு முன்குறிக்கப்பட்ட மக்களின் கூட்டம் என்றது ஒன்று. அகுஸ்தீனாரைப் படித்த எவருக்கும் அது புதிதில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்த லூதர், தம் உரையை நிறுத்தி அந்தப் பேச்சைத் தாமே எடுத்தார். ஹுஸ்ஸின் கூற்றுகளில் பல, முற்றிலும் கிறிஸ்தவமானவை, நற்செய்திக்கு ஏற்றவை. அவற்றைப் பொதுவான திருச்சபை கண்டிக்கவே முடியாது என்றார்.

கூடம் உறைந்தது. கோமகன் ஜார்ஜ் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, தலையை ஆட்டிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி ஒரு வசவை உதிர்த்தார். நம் ஊரில் ‘கொள்ளையில போக’ என்று திட்டுவார்களே, ஏறக்குறைய அதற்குச் சமமான ஜெர்மன் வசவு. மறுநாள் விடிந்தால் ஹுஸ் எரிந்து 104 ஆண்டுகள்.

அந்தச் சொற்களின் கனம் எக்குக்குத்தான் முதலில் விளங்கியது. போப் தவறலாம் என்பது புதிதல்ல. அதற்கு முன்பே பெரிய பெரிய கர்தினால்களே அப்படிப் பேசியிருக்கிறார்கள். அப்படிப் பேசியவர்கள் எல்லாரும் போப்புக்கு மேலே பொதுச்சங்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசினார்கள். கான்ஸ்டன்ஸ் சங்கமே அப்படிப்பட்டதுதான்: மூன்று பேர் ஒரே நேரத்தில் தங்களைப் போப் என்று சொல்லிக்கொண்ட கேவலத்தைத் தீர்க்கக் கூடி, போப்பும் சங்கத்துக்குக் கீழ்ப்பட வேண்டும் என்று 1415 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. லூதரின் மேல்முறையீடும் சங்கத்திடம்தான் கிடந்தது. இப்போது அந்தச் சங்கமும் தவறியது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தாயிற்று. அடுத்த நாட்களில் எக் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். லூதரும் பின்வாங்கவில்லை: சங்கம் தவறலாம், தவறியிருக்கிறது, வேதாகமத்தில் இல்லாததை விசுவாசப் பிரமாணமாக்க அதற்கு உரிமை இல்லை, வேதத்தைக் கையில் வைத்திருக்கும் சாமானியன், அது இல்லாத போப்பையும் சங்கத்தையும்விட நம்பத்தக்கவன்.

முறையாகக் கூடிய சங்கமும் தவறும் என்றால் நீர் எனக்கு அஞ்ஞானியும் ஆயக்காரனும் போல என்றார் எக். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், சபைக்குச் செவிகொடாதவனைப் பற்றி இயேசு சொன்ன வார்த்தை அது. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் சொன்னால், லூதர் அன்று பதிதன் ஆனார்.

வாதம் எப்படி முடிந்தது? கோமகனுக்குக் கோட்டை தேவைப்பட்டதால் முடிந்தது. பேரரசர் தேர்தலிலிருந்து திரும்பும் பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்கு அங்கே விருந்து வைக்க வேண்டியிருந்தது. பாவமன்னிப்புச் சீட்டு, உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் அவசர அவசரமாக ஒப்பேற்றப்பட்டன. எல்லாவற்றுக்கும் மூலமான சீட்டுகளைப் பற்றி இருவருக்கும் பெரிய கருத்து வேறுபாடே இல்லை என்பது அங்கே தெரிந்தது. லைப்ஸிக் நகரம் எக்கைக் கொண்டாடி அனுப்பியது. தீர்ப்பு சொல்ல வேண்டியவை எர்ஃபர்ட், பாரிஸ் பல்கலைக்கழகங்கள். எர்ஃபர்ட் நழுவிக்கொண்டது. பாரிஸ் இரண்டு ஆண்டு கழித்து, 1521 ஏப்ரலில், லூதரின் 104 கூற்றுகளைக் கண்டித்தது. போப்பின் தலைமை பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சங்கமே போப்புக்கு மேல் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தவர்கள் பாரிஸ் பேராசிரியர்கள்தானே!

அக்டோபர் தொடக்கத்தில் விட்டன்பர்குக்கு ப்ராக்கிலிருந்து ஒரு கட்டு வந்தது. லைப்ஸிக் செய்தி கேட்ட ஹுஸ்ஸியக் குருக்கள் இருவர் அனுப்பியது. உள்ளே, திருச்சபை பற்றி ஹுஸ் எழுதிய நூல். லூதர் அதுவரை பார்த்திராத நூல். படித்து முடித்துவிட்டு, 1520 பிப்ரவரியில் ஸ்பலத்தீனுக்கு எழுதினார்: தெரியாமலேயே நாம் எல்லாரும் ஹுஸ்ஸியர்களாக இருந்திருக்கிறோம், பவுலும் அகுஸ்தீனாரும்கூட அப்படித்தான். அந்த ஆண்டே அந்நூல் ஹாகெனாவில் 2000 படிகள் அச்சாயிற்று. எரிக்கப்பட்டவரின் நூல், எரித்தவர்களின் மொழி பேசும் நாட்டில் அச்சேறி விற்பனைக்கு வந்தது.

சீட்டில் தொடங்கிய சண்டை இப்படித்தான் சபைக்கு வந்து சேர்ந்தது. சபை என்றால் என்ன? ஆயரும் குருவும் ஆலயமும் சட்டமும் உள்ள, கண்ணுக்குத் தெரிகிற ஓர் உடலா? எங்கே இருக்கிறார்கள் என்று இறைவனுக்கு மட்டுமே தெரிந்த விசுவாசிகளின் ஐக்கியமா? 1520இல் லூதர் இரண்டாவதைச் சொன்னார். லூதரர்கள் 1530இல் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் அதற்கு ஓர் அடையாளம் வைத்தார்கள்: நற்செய்தி தூயதாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படும் இடத்தில் சபை இருக்கிறது. அந்த நூற்றாண்டின் இறுதியில் இயேசுசபைப் பேரறிஞர் பெல்லார்மின் கத்தோலிக்கப் பதிலை ஒரே உவமையில் அடக்கினார்: வெனிஸ் குடியரசு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறதோ, பிரான்ஸ் அரசு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறதோ, அப்படிக் கண்ணுக்குத் தெரிவது திருச்சபை.

மொழிபெயர்ப்பிலும் இந்தப் பிளவு ஏறியது. புதிய ஏற்பாட்டை 1522இல் ஜெர்மனில் தந்த லூதர், பாறையின்மேல் கட்டப்படுவதற்கு, கட்டடமும் நிர்வாகமும் நினைவுக்கு வரும் வழக்கமான சொல்லைப் போடாமல், ஊர்க்கூட்டத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல்லைப் போட்டார். அந்த மரபில் வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்; அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15இல் அங்கே அச்சானது. காவிரிக் கரையில் மறுபடி லைப்ஸிக் நடந்தது. வீரமாமுனிவரின் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ மூன்றும் தரங்கம்பாடிக்காரர்களை எதிர்த்துத் தமிழ் உரைநடையில் எழுந்தவை. தமிழ் உரைநடையின் தொடக்கப் பக்கங்களில் ஒரு பகுதி, எக்கும் லூதரும் விட்ட இடத்திலிருந்து எழுதப்பட்டது என்றால் மிகையில்லை. இன்றும் மத்தேயு 16ஐப் புரட்டிப் பாருங்கள். சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் கல்லின்மேல் எழுவது ‘சபை’. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் பாறையின்மேல் எழுவது ‘திருச்சபை’.

வாதத்தில் வென்றது எக் என்றே நான் சொல்வேன். போப்பும் தவறலாம், சங்கமும் தவறலாம் என்றால், இருவர் வேதத்தை இரண்டு விதமாகப் படிக்கும்போது எது சரி என்று யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு லூதர் அன்று பதில் சொல்லவில்லை. பத்தே ஆண்டில், 1529இல், நற்கருணையைப் பற்றிச் சக சீர்திருத்தவாதியான ஸ்விங்லியோடு மார்பர்கில் உட்கார்ந்தபோது அதே கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. அங்கும் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. ஆனால் பசிலியார் எந்தப் போப்பின் கீழ் மோட்சம் போனார் என்ற லூதரின் கேள்விக்கு எக்கும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை ரோமை மறக்கவும் இல்லை. பேதுருவின் பணி எல்லாருக்கும் ஏற்புடையதாக அமைவது எப்படி என்று சேர்ந்து யோசிக்க வாருங்கள் என்று 1995இல் மற்றக் கிறிஸ்தவர்களை அழைத்தார் போப் இரண்டாம் ஜான் பால். 1999 டிசம்பரில் அதே போப், ஹுஸ்ஸுக்கு நேர்ந்த கொடிய மரணத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

லைப்ஸிக் கதையில் இன்னும் ஒரு காட்சி மிச்சம். கோமகன் ஜார்ஜ் சாகும்வரை லூதருக்கு எதிரியாகவே இருந்தார். 1539 ஏப்ரலில் அவர் இறந்ததும், பட்டத்துக்கு வந்த தம்பி ஹைன்ரிக் லூதர் பக்கம் நின்றவர். அவர் அழைப்பின்பேரில் அடுத்த மாதமே லூதர் லைப்ஸிக் வந்தார். மே 24, பெந்தெகொஸ்துக்கு முந்தின நாள், அதே பிளைசன்பர்க் கோட்டையில் பிரசங்கம் செய்தார். எலும்பை எண்ண முடிந்த துறவி இப்போது உடல் பருத்து, நோயோடு நின்ற 55 வயதுக்காரர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சுவர்களுக்குள் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள்: உண்மையான திருச்சபை எது?

(தொடரும்)